மலைச்சாமிக்கு நடந்த ஆட்டு வைத்தியம்

அய்யலூர் சந்தையில் மலைச்சாமியின் கைக்கு ஒரு பேர் இருந்தது. ஆட்டின் முதுகில் நான்கு விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும், எவ்வளவு கறி தேறும் என்று சொல்லிவிடுவார். கசாப்புக்காரர்கள் தராசைவிட அந்தக் கையைத்தான் நம்பினார்கள். பேசுகிற வேலை அண்ணன் கண்ணுசாமியுடையது. அவர் ஊருக்கே சேர்த்துப் பேசினார்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆடு ஏற்றிய லாரி வடமதுரைக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. மலைச்சாமியின் மேல் பதினேழு ஆடு விழுந்தது. ஆடுகள் எழுந்து மேயப் போய்விட்டன. அவருக்குத் தொடை எலும்பு மூன்று துண்டு. மதுரையில் ஐந்து மாதம் கிடந்து, ஒரு கால் குட்டையாகி, ஊன்றுகோலோடு வீடு வந்தார்.

வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார், அவ்வளவுதான். தட்டில் சோறு காய்ந்தது. ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் உடம்பெல்லாம் வியர்த்து, "ஏ புள்ள, நெஞ்சு வெடிச்சிரும் போலருக்கு" என்று மனைவி ராமுத்தாயின் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு காலையில், "நான் அந்த லாரியோடயே போயிருக்கணும்" என்றார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

விசாரிக்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. "காலுதான போச்சு, மீசை இருக்குல்ல? ஆம்பள அழுவானா?" என்றார் ஒருவர். அந்த ஆள் தூங்கும்போது மீசையைப் பாதி சிரைத்துவிட வேண்டும் என்று ராமுத்தாய் மனதில் குறித்துக்கொண்டாள். பாதிதான். முழுசாகச் சிரைத்தால் அவருக்கு அசிங்கம் குறைந்துவிடும்.

புருஷனைத் திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் ஏற்றினாள். வழி நெடுக அவர் அவளுடைய முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

அங்கே ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "எலும்பு ஒட்டிருச்சு. இது மனசுக்கு வந்த சீக்கு. பெருசா அடிபட்டவங்களுக்கு வரும். பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. ராத்திரிக்கு ஒரு மாத்திரை. மூணு வாரம் கழிச்சுத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தெரியும். அதுக்கு முன்னால வாய் வறளும். நீங்களாக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது."

பத்து நாள் போனது. வாய் வறண்டதுதான் கண்ட பலன்.

கண்ணுசாமிக்கு அவசரம். அடுத்த வாரம் பக்ரீத் சந்தை. தம்பியின் கை இல்லாமல் அவர் வாங்கிய ஆடுகளில் மூன்று, வீடு வருவதற்குள் படுத்துவிட்டன. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: படுத்த ஆட்டின் வாயைப் பிளந்து, மூங்கில் குழாயில் மருந்தை ஒரே மூச்சில் ஊற்றுவது. மறுநாள் அது துள்ளும். "தம்பி ரெண்டு கெடா எடை இருக்கான். இந்த டாக்டரம்மா கோழிக்குஞ்சுக்குக் குடுக்கிற மாதிரி ஒண்ணு ஒண்ணாக் குடுக்குது" என்று முடிவு கட்டினார். ராமுத்தாய் தண்ணீருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ஐந்து மாத்திரையை நுணுக்கி மோரில் கரைத்து நீட்டினார். மலைச்சாமி வாங்கிக் குடித்தார். எதற்கு என்று கேட்கிற தெம்புகூட அவரிடம் இல்லை.

குடத்தோடு திரும்பியவள் பார்த்தபோது, அவர் நாக்கு ஒட்டி, நெஞ்சு தறிகெட்டு அடிக்க, சுவரில் ஆடு ஏறுகிறது என்று பிதற்றிக்கொண்டிருந்தார். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. "உங்களுக்கு எண்ணத் தெரியாதா?" என்று திட்டு வாங்கியதும் ராமுத்தாய்தான்.

பிழைத்துக்கொண்டார். மோர் கொடுத்தது அண்ணன் என்று கண் திறந்ததும் சொன்னார். ஆனால் கண்ணுசாமி சந்தையில் நின்று, "அந்த இங்கிலீசு மாத்திரை வெசம்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. ராமுத்தாய் மூங்கில் குழாயை எடுத்துக்கொண்டு நேரே சந்தைக்கு நடந்தாள்.

"மாமா, வாயத் தொறங்க."

"ஏத்தா, நாலு பேரு பாக்குறாக..."

"பாக்கட்டும். அஞ்சு மாத்திரையக் களவாண்டு கரைச்சது ஆரு? டாக்டரம்மாவா? ஆட்டுக்கும் கூடப் பொறந்தவனுக்கும் வித்தியாசம் தெரியல, நீங்க வெசத்தப் பத்திப் பேசுறீகளோ?"

கசாப்புக்கடை அப்துல் லத்தீப் சிரித்தார். "தங்கச்சி, ரெண்டு குழாயா ஊத்து!"

"நீங்களும் சிரிக்காதீக பாய். அன்னைக்கு இவரு வெசம்னு சொன்னதுக்கு நீங்களுந்தான தலையாட்டுனீக? கால்ல கட்டுப் போட்டிருந்தப்ப அவுக்கச் சொல்லி ஒரு பய வரல. மனசுக்குக் கட்டுப் போட்டா மட்டும் ஊரே அவுக்க வருது!"

அப்துல் லத்தீப் ஆடுகளின் பக்கம் திரும்பி விலை கேட்கத் தொடங்கினார்.

டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை மாத்திரைகள் ராமுத்தாயின் முந்தானை முடிச்சில் குடியிருந்தன. பக்ரீத் சந்தை வந்தது, போனது. நாலாவது வாரம் மலைச்சாமி ஒரு தட்டுச் சோற்றை முழுசாகச் சாப்பிட்டார். ஐந்தாவது வாரம், ஹாரன் சத்தத்துக்கு வியர்த்தாலும் எழுந்து உட்கார்ந்து அது போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் வாசலுக்கு வந்தார்.

அதைக் கேள்விப்பட்டு ஒரு சாயங்காலம் கண்ணுசாமி வந்தார். குழாய் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதான் தேறிட்டான்ல, இனி மாத்திரை எதுக்கு? வர்ற வியாழக்கெழம சந்தைக்கு..." என்று ஆரம்பித்தார்.

ராமுத்தாய் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஊன்றுகோல் பறந்து வந்து நிலையில் மோதியது.

"அண்ணே! என் மாத்திரையப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, மண்ட ஒடஞ்சிரும். எப்ப வரணும்னு எனக்குத் தெரியும். போ!"

ஒரு வருஷமாக அந்த வீட்டில் அவர் குரல் இவ்வளவு உயர்ந்ததில்லை. கண்ணுசாமி துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ராமுத்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் காட்டாமல், "கம்ப எறிஞ்சிட்டா எதை ஊனி நடப்பீக, கூறுகெட்ட மனுசன்" என்று திட்டிக்கொண்டே முடிச்சை அவிழ்த்து, ஒரு மாத்திரையும் சொம்புத் தண்ணீரும் நீட்டினாள்.

மலைச்சாமி வெளியே பார்த்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"எதுக்கு அவசரம்? ராத்திரிக்குன்னுதான டாக்டரம்மா சொன்னாக? உள்ள வையி."