அம்மன் எந்தப் பக்கம்?

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையின் மாடியில் எங்களுக்கு ஒற்றை அறை. சுவரில் அர்த்தநாரீசுவரர் படம். ஒரே உடம்பில் வலப்பாதி மீசை வைத்த சிவன், இடப்பாதி மூக்குத்தி போட்ட அம்மன். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைத்து, சிவன் நெற்றியில் திருநீறும் அம்மன் நெற்றியில் குங்குமமும் வைப்பது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவது வீட்டுக்காரர் வேலை.

அவருக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம். கோயில் சொற்பொழிவு ஒன்றையும் விடமாட்டார். “சக்தி சேரலேன்னா சிவம் வெறும் சவம். தந்திர சாத்திரமே அதத்தான் சொல்லுது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். நான் தேத்தண்ணி கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

1950களின் கடைசியில், பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மதிய வகுப்புக்கு என்னை ஆசிரியையாகக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமையே சேர வேண்டும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இவரோ, “பொம்பள சம்பாதிச்சுத்தான் உலை கொதிக்கணுமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றார்.

“பாதி உடம்பக் குடுத்த சாமியக் கும்பிடுறீங்க. எனக்குப் பாதி நாள் குடுக்க முடியலையா?”

அவர் சொற்பொழிவுக்குக் கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம் ஏறினால் லேசில் இறங்காது. அந்த வெள்ளிக்கிழமை படத்தைத் தொடவே இல்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே வைக்கப் போனார். ‘இடப்பாகம் அம்மன்’ என்று சொற்பொழிவில் கேட்டது நினைவிருந்திருக்கிறது. படம் நம்மைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் தோன்றவில்லை. தன் இடக்கைப் பக்கம், மீசைக்காரர் நெற்றியில், பெரிய குங்குமப் பொட்டு. அம்மனுக்கு வெறும் திருநீறு.

“அடப்பாவமே, அம்மன் தாலிய அறுத்துட்டீங்களே!” என்று கத்தினேன். கோபத்தை மீறிச் சிரிப்பும் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்தார். “எப்பவும் நீதானே வைப்பே. அம்மன் எந்தப் பக்கம்னு நான் பார்த்ததே இல்ல.”

எனக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் என்னையும் இந்த மனுஷர் பார்த்ததில்லை என்று பட்டது. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன்.

அவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு, “எங்க வைக்கணும்? சொல்லு லா” என்றார். அவர் விரலைப் பிடித்து அம்மன் நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

“அரை நாள்தானே?”

“அரை நாள்தான்.”

திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் சொற்பொழிவை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, சாமியைக் கண்ணைத் திறந்துதான் கும்பிட்டார்.