குதிரைமேல் கொழுந்தியாள்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் நயினாருக்குக் குதிரைகளோடு பதினாறு வருடப் பழக்கம். சவாரிப் பள்ளியில் குதிரைகளைக் குளிப்பாட்டுவது, குளம்பு சுத்தம் செய்வது, பழகுகிறவர்கள் வட்டமாகச் சுற்றும்போது நடுவில் நின்று நீளக் கயிற்றைப் பிடிப்பது எல்லாம் அவன்தான். குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. சேணத்தில் ஏறினால் மூட்டை வைத்தது மாதிரி இருப்பான். இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள், கடித்துக் குதறிவிடுவான்.

மனைவியின் தங்கை இசக்கிசெல்வியை அங்கே லாயம் கூட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவனேதான். பயிற்சியாளர் வைத்தீஸ்வரன் ஒருநாள் விளையாட்டாக அவளைக் குதிரைமேல் ஏற்றினார். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் நூல் பிடித்தது போல் நின்றன. "தெனமும் மாடி வீட்டுக்குத் தண்ணி கேனோட ஏணி ஏறுன இடுப்பு, வேறென்ன" என்று நயினார் வீட்டில் பொருமினான். ஆறே மாதத்தில் சார் வாயைத் திறந்தால் செல்வி, செல்வி. நயினாருக்கு வயிறு எரிந்தது.

உதவிப் பயிற்சியாளர் இடம் ஒன்று காலியானது. இருவரில் ஒருவருக்குத்தான் என்றார் சார். கால் வைக்கும் வளையங்களைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஓடும் குதிரைமேல் பத்துச் சுற்று உட்கார வேண்டும். முதலில் ஏறிய நயினார் ஏழாவது சுற்றில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அடுத்து செல்வி. கயிறு இப்போது அவன் கையில். சேணத்தைச் சரிபார்ப்பது போல் அவள் பக்கத்தில் போனான்.

"ஏட்டி, முழங்கால நல்லா இறுக்கிக்கோ."

"சார் லூசா விடச் சொன்னாவளே அத்தான்?"

"அது வளையம் இருந்தா. இல்லாதப்போ இறுக்கணும்."

இறுக்கினால் குதிரை ஆளை மேலே தூக்கிப் போட்டுவிடும் என்பது நயினாருக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது சுற்றிலேயே அவள் மணலில் விழுந்தாள். அவனுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

சார் ஓடிவந்தார். "முழங்கால ஏம்மா இறுக்கினே? யார் சொன்னா?"

"அத்தான்தான் சார்."

சார் திரும்பி நயினாரைப் பார்த்தார். பார்வையை எடுக்கவே இல்லை.

"அவுக மேல தப்பில்ல சார்" என்றாள் செல்வி, வாயிலிருந்த மணலைத் துப்பியபடி. "பதினாறு வருசமா பாக்காவ, தப்பாவா சொல்லுவாவ? எனக்குத்தான் இறுக்கத் தெரியல. அத்தான், குதிரையப் பிடிங்க. இந்தத் தடவ நீங்க சொன்னாப்புல இன்னும் நல்லா இறுக்கிக்கிடுதேன்."