குகைப் பன்சலையில் மெதுவாகப் பேசியது

என் புருஷனிடம் நான் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டம் இறம்பொடைக்கு மேலே. நான் கொழுந்து பறித்தேன். அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தை உருட்டிப் பிசைகிற இரும்பு ரோலர்களுக்கு நடுவே வருஷக்கணக்கில் நின்றதில் அவருடைய காது இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போயின. இடி இடித்தால் கேட்கும். நான் இடியாக இடித்தால்தான் நான் பேசுவதும் கேட்கும்.

லயத்தில் இருந்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள். தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. எங்கள் அறையில் கடுகு தாளித்தால் கடைசி அறையில் தும்முவார்கள். அவருக்குக் கேட்கும்படி எதைச் சொன்னாலும் லயம் முழுக்கச் சொன்ன கணக்குதான். உப்பு இல்லை, விறகு நனைந்துவிட்டது என்பதையெல்லாம் கத்தலாம். நான் சொல்ல வேண்டியது கத்துகிற செய்தி இல்லை.

நான் முழுகாமல் இருந்தேன்.

அதற்கு முன் இரண்டு போயிருந்தன. ஒன்று கொழுந்து மலையிலேயே கலைந்தது. இரண்டாவது, என் தம்பி கல்யாணத்துக்குக் கடல் தாண்டி ஊருக்குப் போய்க் கப்பலும் ரயிலுமாகத் திரும்பி வந்த அலைச்சலில் மாதம் நிறையாமல் பிறந்தது. ஒரு காலைப்பொழுது மூச்சு விட்டது. ஸ்டோரிலிருந்து அவர் ஓடி வருவதற்குள் அடங்கிவிட்டது. இரண்டு தடவையும் செய்தி தெரிந்த நாளிலிருந்து லயமே வந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனது. இந்தத் தடவை வயிறே சொல்லும்வரை எந்த வாய்க்கும் இது போகக் கூடாது என்று சாமி முன் நின்று முடிவு செய்திருந்தேன். பக்கத்து அறையில் இருந்த அவருடைய அண்ணியிடம் சொல்வதும் காலையில் ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று ஊருக்கெல்லாம் அறிவிப்பதும் ஒன்றுதான்.

அந்தச் சமயம் பார்த்து அவர் என்னை ஊருக்கு அனுப்பத் தீர்மானித்தார். தோட்டத்தில் பாதி நாள் வேலை இல்லை. திரும்பிப் போக நினைப்பவர்கள் பெயர் கொடுத்தால் ரயிலுக்கும் கப்பலுக்கும் செலவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் குடும்பம் போகிறது, அதோடு என்னையும் அனுப்பிவிட்டால் அங்கே வயிறாரச் சாப்பிடுவேன் என்பது அவர் எண்ணம். பாசம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு தடவை அந்தப் பயணம் போனால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று எனக்குத் தெரியும். நான் போகமாட்டேன் என்று கத்தினேன். பிடிவாதக்காரி என்று சொல்லிவிட்டார். வரும் திங்கட்கிழமைப் பெரட்டில் கங்காணியிடம் என் பெயரைக் கொடுப்பதாக இருந்தார்.

அதற்குள் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் அடுப்புக்குப் பக்கத்தில் அவர் காதோடு வாயை வைத்து, "நான் முழுகாம இருக்கேங்க" என்றேன்.

"என்னா, முழுகலையா? முழுகலன்னா போய் முழுகு புள்ள! பீலியில தண்ணி வரலையா?" என்று ரோலர் அறையில் நிற்பவர் போலக் கத்தினார்.

"தண்ணி நல்லாத்தான் வருது கொழுந்தனாரே!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி பதில் சொன்னாள். நல்ல வேளை, அவள் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள், முதல் வார்த்தையை விட்டுவிட்டாள்.

சைகை காட்டியிருக்கலாமே என்பீர்கள். காட்டினேன். வயிற்றில் கை வைத்தேன். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்தார். வேறு வழியில்லாமல் அதையும் குடித்தேன். மறுநாள் கைகளைச் சேர்த்துத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. செத்த பிள்ளையை நினைத்து ஏங்குகிறேன் என்று எண்ணிக்கொண்டார். எழுந்து வெளியே போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. எழுதிக் காட்டவும் வழியில்லை, அவருக்கு எழுத்து வாசனை கிடையாது.

கடைசியில், காதையே திறக்கப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொத்மலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு சிங்கள வைத்தியர் காதுக்கு எண்ணெய் விடுவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் எண்ணெயைச் சூடாக்கி விட்டார், மடலை இழுத்துப் பார்த்தார், பின்மண்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில், இது மெஷின் தின்ற காது, எண்ணெய்க்கு மசியாது என்றார். கடைத்தெருச் சிங்களம்தான் எனக்குத் தெரியும், ஆனாலும் அது நன்றாகவே புரிந்தது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கமுகுத் தோப்புக்குள் ஒரு படிக்கட்டு ஏறியது. மேலே பன்சலை, அதாவது புத்தர் கோயில், இருக்கிறது, ஒதுங்கலாம் என்று வழியில் போன யாரோ கை காட்டினார்கள். ஏறினோம். நான் பார்த்தது கோயில் இல்லை. ஒரு மலை. மலையின் அடிவயிற்றில் ஒரு வெள்ளைச் சுவர், அதில் ஒரு சின்ன வாசல்.

வாசலில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்களுக்கு மேலே பாறை கூரை போல நீண்டு வந்திருந்தது. அதன் விளிம்பு நெடுக ஒரு வெட்டு. யாரோ உளியால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள், அவ்வளவுதான். மேலேயிருந்து வழிந்து வந்த மழைத் தண்ணீர் அந்தக் கோடு வரைக்கும் வந்து, அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட உள்ளே வராமல் நேராகத் தரையில் கொட்டியது. துரைமார் தகரம் போட்ட எங்கள் லயத்தில் மழை வந்தால் சட்டிக்கும் பானைக்கும் இடம் மாற்றியே கை ஓய்ந்துபோகும். இங்கே ராஜா காலத்தில் எவனோ ஒருவன் ஒரே ஒரு கோட்டில் மழையை நிறுத்தி வைத்திருந்தான். எனக்கு ஆத்திரமும் வந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

உள்ளே எண்ணெய் விளக்குகளும் அரளிப்பூ வாசனையும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக மண்டபம் நீண்டுகொண்டே போனது. பக்கத்துச் சுவர் நெடுக ஒரு பெரிய புத்தர் படுத்திருந்தார். தலையணையும் மெத்தையும் புத்தரும் எல்லாம் ஒரே பாறை. மேலே தாமரைகளாக வரைந்திருந்தார்கள். பாறை எங்கே புடைத்திருந்ததோ அங்கே தாமரையும் புடைத்திருந்தது. மண்டபத்தின் கடைசி முனை பானையின் உட்புறம் போல வளைந்திருந்தது. அந்த வளைவுக்குள் கவிழ்த்த மணி மாதிரி ஒரு தாதுகோபம், இரண்டு ஆள் உயரத்துக்கு. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற சந்து.

இளவயது ஹாமுதுரு ஒருவர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காவி உடுத்த அந்தப் பிக்குவுக்குக் கடுமையான ஜலதோஷம். எங்களைப் பார்த்ததும் ஒரு தும்மல் போட்டார். அந்தத் தும்மல் தாதுகோபம்வரைக்கும் போய், இன்னும் பெரிய தும்மலாகத் திரும்பி வந்தது. அவரே சிரித்துவிட்டார். இதை எப்படிக் கட்டினார்கள் என்று அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன்.

"கட்ட இல்ல" என்று அரைகுறைத் தமிழில் பதில் சொன்னார். "எல்லாம் மலை. மேல இருந்து வெட்டினது. முதல் கூரை, கடைசி தரை."

இதை மனதில் வாங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கூரையை முதலில் செதுக்கியிருக்கிறார்கள், இன்னும் வெட்டாத பாறையின் மேல் நின்றுகொண்டு. பிறகு நின்ற இடத்தையே வெட்டி வெட்டிக் கீழே இறங்கியிருக்கிறார்கள். புத்தரையும் தாதுகோபத்தையும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. அவை இருந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டார்கள். ஒரு கை தவறியிருந்தால் ஒட்டுப்போட முடியாது. எங்கள் பக்கம் ரோட்டுக்குப் பாறை உடைப்பதைப் பார்த்திருக்கிறேன், மருந்து வைத்து வெடித்தால் மலை பிளந்து கோரமாகக் கிடக்கும். இங்கே சுவரில் கை வைத்தேன். உளிக்கோடுகள் சன்னமாக விரலில் தட்டுப்பட்டன. கும்பிட வேண்டியது நம் சாமி இல்லையே என்ற யோசனைகூட அப்போது வரவில்லை. கும்பிட்டுவிட்டேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"மழை விடுற வரைக்கும் இங்கேயே குந்தியிருப்பமா?"

வழக்கமான கத்தல்தான். மண்டபம் அதை வாங்கி, சுவரோடு சுற்றி, எல்லாத் திசையிலிருந்தும் திருப்பிக் கொடுத்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு பேசுனது?"

அதுவும் திரும்பி வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "நானா?" என்றார். தன் குரலை அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஹாமுதுரு பூத்தட்டின் முன் உட்கார்ந்து ஓதத் தொடங்கினார். மூக்கடைத்த ஒற்றைக் குரல். இரண்டாவது வரிக்கு வரும்போது முதல் வரி இன்னும் மேலே நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது வரி அதோடு போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பத்துப் பேர் ஓதுவது போல இருந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. மார்புக்கூடு அதிர்ந்தது. வெட்டிய கைகள் பாறையை மட்டும் குடைந்து எடுக்கவில்லை, இந்தச் சத்தத்துக்கும் அளந்து இடம் விட்டிருக்கின்றன என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என் வீட்டுக்காரர் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஓதி முடித்ததும் ஹாமுதுரு தும்மிக்கொண்டே வெளியே போனார். சத்தம் அடங்க நேரமெடுத்தது. என் வீட்டுக்காரர் தாதுகோபத்துக்கு இடப்பக்கம் வளைந்த சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். நான் சந்துக்குள் நுழைந்து பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். வலப்பக்க முனைக்கு வந்ததும் கால் வலித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவே அவ்வளவு பெரிய கல். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை என்ற நினைப்பு வந்ததும் எரிச்சல் பொங்கியது.

"இந்தச் செவிட்டு மனுசனக் கட்டிக்கிட்டு நான் எங்க போயி முட்டிக்கிறது" என்று சுவரைப் பார்த்து முணுமுணுத்தேன்.

"யாரடி செவிடன்?" என்றது சுவர்.

என் காதுக்குப் பக்கத்தில், தலையணையில் தலை வைத்துப் பேசுகிற மாதிரி, அவர் குரல். கத்தவில்லை. கல்யாணமான புதிதில் அப்படிப் பேசுவார்.

"என்னங்க" என்றேன், மூச்சுக்காற்று அளவுக்கு.

"சொல்லு."

"நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது புள்ள. கல்லுக்குள்ள இருந்து வருது. எங்க நிக்கிற நீ?"

இனி யோசிக்க என்ன இருக்கிறது? "நான் முழுகாம இருக்கேங்க. குளிக்காம இல்ல. புள்ள உண்டாயிருக்கேன்" என்றேன். சொல்லிவிட்டுச் சுவரோடு கன்னத்தை வைத்துக்கொண்டேன். கல் ஜில்லென்று இருந்தது.

அந்தப் பக்கம் அவர் கை சுவரைத் தடவுவது கல்லுக்குள் கேட்டது.

"அதுக்குத்தான் ஓமத்தண்ணி குடிச்சியா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கப்பலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அண்ணன் போறதுன்னா போகட்டும். நாளைக்கு உம் பேரக் குடுக்க மாட்டேன்."

நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சுற்றிக்கொண்டு போக ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"வந்துராத" என்றார் அவசரமாக. "அங்கேயே நில்லு. இங்க வந்தா மறுபடி எனக்குக் கேக்காது."

நின்றேன்.

"போன தடவ, நம்ம புள்ள போன அன்னிக்கி, நீ எம் பக்கத்துல படுத்துக்கிட்டு என்னென்னமோ சொன்ன. நான் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரு வார்த்த கேக்கல. இன்னொருக்கா சொல்லுன்னு கத்திக் கேக்கவும் மனசு வரல. இப்பச் சொல்லு."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த கல்மனசுக்காரர் என்றுதான் அதுவரை நான் அவரை நினைத்திருந்தேன்.

முதலிலிருந்து சொன்னேன். பிள்ளைக்கு அவருடைய மூக்கு என்று சொன்னேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று சொன்னேன். காலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது சத்தம் கேட்டு அது கண்ணைத் திறந்து பார்த்தது என்று சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கமிருந்து அவர் "உம்" கொட்டினார்.