பின்னால் கூப்பிட்ட குரல்

அன்று காலை மகள் வேலைக்கு வெளிக்கிட்டு, ஸ்கூட்டரை வாசல் படலைக்கு வெளியே இறக்கிவிட்டாள். அப்போதுதான் அவளுடைய மழைக்கோட்டு கதிரையில் கிடந்ததைக் கண்டு, "பிள்ளை!" என்று கூப்பிட்டுவிட்டேன். வெளிக்கிட்டவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்று சகுனம் பார்க்கிற வீடு எங்களுடையது. அவள் சிரித்துக்கொண்டு கோட்டை வாங்கிப் போனாள். எனக்குத்தான் நாள் முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை.

பின்னேரம் மழை அடித்து ஊற்றியது. அவள் வேலை செய்யும் மானிப்பாயிலிருந்து இணுவிலில் எங்கள் வீட்டுக்கு என்ன பெரிய தூரம்? வழக்கமாக வரும் நேரம் தாண்டியும் அவளைக் காணவில்லை. என் கணவர் சாவகாசமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். நாங்கள் இருவரும் விடாமல் பார்க்கிற தொடர். விபத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன், காலத்தில் பின்னால் போய் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறான். அன்றைய பகுதியில் தெருவோரம் நின்று "போகாதே!" என்று கத்தினான். யாரென்று அவள் திரும்பிப் பார்த்தாள். லொறி வந்தது.

"பாத்தியே? உவன் போனதாலைதான் விபத்து. விபத்து நடந்ததாலைதான் உவன் போனவன். இதுக்குத் தொடக்கமே இல்லை" என்று இவர் ரசித்துச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோனை எடுத்தேன்.

"அடிக்காதை. ஸ்கூட்டர் ஓடேக்கை அடிச்சால் பிள்ளை ஒரு கையை விட்டிட்டு எடுப்பாள்" என்று இவர் தடுத்தார்.

"அடிக்காமல் விட்டால்?"

அடித்தேன். மணி போய்ப் போய் நின்றது. அடித்தது பிழையோ என்று தோன்றியது. அடிக்காமலும் இருக்க முடியவில்லை. திரும்ப அடித்தால் லைன் பிசி. மறுபடியும் பிசி. அவளுடைய ஃபோனில் யார் கதைக்கிறார்கள்? தெருவில் கிடந்ததை எடுத்தவர்களோ? ஆஸ்பத்திரிக்காரரோ? நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

இருட்டுப்படுகிற நேரம் படலையில் வெளிச்சம் விழுந்தது. கோட்டோடும் தெப்பமாக நனைந்து வந்தவள், ஹெல்மெற்றைக் கழற்ற முதலே கேட்டாள்: "அப்பாவுக்கு என்ன?"

"அவருக்கு ஒண்டுமில்லை. நீ ஏன் பிந்தினனி?"

"மழையாலை பிந்தித்தான் வெளிக்கிட்டனான். பிறகு உங்கடை ஃபோன் கோலைக் கண்டு, அப்பாவுக்கு ஏதோ எண்டு பயந்து ஒரு கடையடியிலை நிண்டு அடிச்சுக்கொண்டே இருந்தனான். எந்த நேரமும் பிசி!"

"நீ வராததாலைதானே அடிச்சனான்."

"நீங்கள் அடிச்சதாலைதானே வரேல்லை."

இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை, அவள் எழும்ப முதலே கோட்டை ஸ்கூட்டரில் வைத்துவிட்டேன். அவள் வெளிக்கிட்டபோது நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றேன். படலையைத் தாண்டிய ஸ்கூட்டர் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, ஒண்டும் சொல்லாமல் நிக்கிறியள்? சுகமில்லையோ?"

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே திரும்பி வந்தாள்.