கதவு போச்சு, நாய் இருக்குது

எடப்பாடியில் நான் வாங்கிய அரண்மனைக்கு இன்று சாவி கிடைத்தது. பூட்டத்தான் கதவில்லை. லட்சுமி உருவம் செதுக்கிய தலைவாசல் கதவைக் கழற்றி, விற்றவர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கதவு?"

"ஊட்டத்தானுங்க மாமா வித்தோம். லட்சுமியையுமா வித்தோம்?"

"அப்ப இந்த நாய்?"

"அது ஊட்டோட சேர்ந்ததுங்க."

வண்டி போய்விட்டது. நாய் வாசலை மறித்துப் படுத்துக்கொண்டது. நான் ஓரடி வைத்தால் மூவுலகும் நடுங்க உறுமுகிறது.

மத்தியானத்திலிருந்து என் அரண்மனையை நானே வலம் வந்துகொண்டிருக்கிறேன். "உள்ள போயி அடுப்பு வெச்சீங்களா?" என்று மனைவி போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நாளைக் காலை பால் காய்ச்சுகிறோம், எல்லோரும் வாங்க. கிரயம் முடிந்துவிட்டதை நாய்க்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும் இப்போதே கிளம்பி வாங்க.