பானை தப்பியது, இடுப்பைக் காணோம்

இன்று ஆயர் ஈத்தாமிலிருந்து தெப்ராவுக்கு பஸ்ஸில் வந்தேன். நாளை மகள் வீட்டுக் குடிபுகல். பால் காய்ச்சப் போகும் மண்பானை என் மடியில்.

பஸ்ஸின் பின்பக்க ஷாக் அப்சார்பர் செத்து ஒரு யுகம் ஆகிறது.

டிரைவர் காளிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தான். "மாமா, பின்னால குந்துங்க. உங்க கனத்துக்கு வண்டி குதிக்காது லா."

குதித்தது. குழிக்குக் குழி தேவலோகம் போய், இந்திரனை நலம் விசாரித்துத் திரும்பினேன். பானையை மட்டும் விடவில்லை. பாதி வழியில் இடுப்பு மரத்தது. பிறகு கோபமும் மரத்துப்போனது.

இறங்கும்போது, "அப்சார்பரை எப்பப்பா மாத்துவே?" என்றேன்.

பானையைத் தட்டிப் பார்த்தான். "கீறல்கூட இல்லியே மாமா! நல்லா இருக்கறதை யாராச்சும் மாத்துவாங்களா?"

வழியில் என் இடுப்பு கிடந்தால், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.