பச்சை அங்கிக்காரன்

மாதாப்பூர் அலுவலகத்தில் ஒரு பழைய மானிட்டர் சூடேறித் தூசி கருகும் வாசனை வந்தது, அவ்வளவுதான், மல்காஜ்கிரியில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்திலிருந்த வீடியோ கேம் கடைக்குள் போய்விட்டேன். கறுப்புத் துணி தொங்கும் அந்தச் சின்ன அறையில், மிக்சர் எண்ணெய் பிசுபிசுக்கும் ஜாய்ஸ்டிக்கை அண்ணன் பிடித்திருப்பான், நான் அவனை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். அவன் ஆடும் விளையாட்டின் எல்லாக் கட்டங்களிலும் ஒரு மந்திரவாதி வருவான். முகமே இல்லாத வெறும் பச்சை அங்கி. சட்டென்று மறைவான், எங்கிருந்தோ கிணுகிணுவென்று மணிச்சத்தம் கேட்கும், அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் நின்று நெருப்பை வீசுவான். நான் அண்ணனோடு இன்னும் ஒட்டிக்கொள்வேன்.

அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்காது. காய்ச்சலில் அவன் காது மந்தமானது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பள்ளியில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று அவனுக்கு அத்தனை பயம். அதனால் மணி ஒலித்ததும் நான் அவன் முழங்காலைக் கிள்ள வேண்டும்.

அன்று கடைசி லைஃப். அவன் வகுப்புப் பையன்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். மணி ஒலித்தது. கிள்ள வேண்டிய கைகளால் நான் பயத்தில் என் காதுகளைப் பொத்திக்கொண்டேன். திரையில் அண்ணனின் வீரன் கருகி விழுந்தான்.

"அரே, ஆவாஸ் நை சுனா க்யா? பஹிரா ஹை க்யா தூ?" என்றான் ஒருவன். சத்தம் கேட்கலையா, செவிடா நீ என்று.

அதுவும் அண்ணனுக்குக் கேட்கவில்லை. எல்லோரும் அவனைப் பார்க்க, அவன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"விடு பாப்பா, இன்னொரு தடவை ஆடலாம். யாருக்கும் தெரியல."